வினவும் அரசு, விடையளிக்கும் சமயம்: திமொத்தேயு – அல்மஹ்தி உரையாடல் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாக்தாதில் அப்பாசியக் கலீஃபா அல்மஹ்திக்கும் கிழக்குத் திருச்சபையின் மறைமுதுவர் முதலாம் திமொத்தேயுவுக்கும் இடையே நிகழ்ந்த உரையாடல், இசுலாம் பற்றிய கிறித்தவச் சிந்தனையின் தொடக்ககாலச் சான்றுகளுள் குறிப்பிடத்தக்கது. அதில் நபிகள் நாயகம் குறித்து மறைமுதுவர் கூறிய விடை, சமய நல்லிணக்கத்தின் சான்றாகவும், ஆளப்பட்டோரின் முகமனாகவும் இருவேறு வகையில் பொருள்கொள்ளப்படுகிறது. அவ்விடை எழுந்த அரசியல் சூழல், உரையாடலின் பிற பகுதிகள், பதிவு செய்யப்பட்ட மொழி ஆகியவற்றோடு இணைத்து நோக்கும்போது இவ்விரு விளக்கங்களும் போதாமை இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது. 1854இல் ஆக்ராவில் நிகழ்ந்த வாதம் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சமய உரையாடல், கிழக்குத் திருச்சபை, அப்பாசியர், தஹ்ரீஃப், நபித்துவம், ஆக்ரா வாதம், சொல்லாட்சி

முன்னுரை

சமய வாதத்தைப் பொருளாகக் கொண்ட நூல்கள் தமிழ் ஆய்வாளர்க்குப் புதியன அல்ல. மணிமேகலையின் ‘சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை’யும் நீலகேசியும் அவ்வகையில் நாம் நன்கறிந்தவை. வாதத்தின் முடிவில் ஒரு தரப்பு வெல்லும், தோற்ற தரப்பு வென்றவர் கொள்கைக்கு இணங்கும் என்னும் எதிர்பார்ப்பை நீலகேசி போன்ற நூல்கள் நம்மிடம் உருவாக்கியுள்ளன. அவ்வெதிர்பார்ப்போடு திமொத்தேயுவின் உரையாடலை அணுகுவோர் ஏமாற்றமடைவர். இரண்டு நாள் நிகழ்ந்த அவ்வுரையாடலில் எவரும் சமயம் மாறவில்லை. வெற்றி எவர்க்கும் அறிவிக்கப்படவில்லை.

அண்மைக் காலத்தில் இவ்வுரையாடலின் ஒரு விடை மட்டும் தனித்தெடுத்து ஆளப்படுகிறது. நபிகள் நாயகம் இறைவாக்கினரின் வழியில் நடந்தவர் என்று மறைமுதுவர் கூறிய விடையே அது. இரு சமயத்தாரும் ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்பே உடன்பட்டனர் என்பதற்கு அதைச் சான்றாக்குவோர் உளர். ஆள்வோரின் முன் அஞ்சி நின்ற ஒருவரின் முகமன் அது எனத் தள்ளுவோரும் உளர். முதல் கருத்து அரசை மறந்துவிடுகிறது. இரண்டாவது கருத்து சமயத்தை மறந்துவிடுகிறது. அவ்விடையை அதன் முழு இடத்தில் வைத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவையும் அரசும்

அல்மஹ்தி 775 முதல் 785 வரை ஆண்ட மூன்றாம் அப்பாசியக் கலீஃபா. அவர் தந்தை அல்மன்சூர் 762இல் நிறுவிய பாக்தாது அப்போது இருபது ஆண்டே ஆன புதிய தலைநகர். திமொத்தேயு 780 முதல் 823 வரை கிழக்குத் திருச்சபையை வழிநடத்தியவர். பாரசீகத்திலும் மெசபத்தோமியாவிலும் வேரூன்றிய அத்திருச்சபை, நடு ஆசியாவிலும் சீனத்திலும் இந்திய மேற்குக் கரையிலும் கிளைகள் கொண்டிருந்தது. பரப்பில் இத்துணைப் பெரிதாயினும், அதன் தலைவர் ஓர் இசுலாமிய அரசின் குடிமகனே. கிறித்தவர்கள் ‘திம்மிகள்’ என்னும் பாதுகாக்கப்பட்ட குடிகளாக ‘ஜிஸ்யா’ வரி செலுத்தி வாழ்ந்தனர். மறைமுதுவரின் பதவிக்கே கலீஃபாவின் ஏற்பு தேவைப்பட்டது.

அல்மஹ்தியின் ஆட்சி சமய வினாக்களில் தனிக் கவனம் செலுத்திய ஆட்சி. ‘சிந்தீக்’ எனப்பட்ட மானிகேயரும் அவர்களைச் சார்ந்தோரும் அவர் காலத்தில் தேடித் தண்டிக்கப்பட்டனர். அலெப்போப் பகுதியில் வாழ்ந்த தனூகு குலத்துக் கிறித்தவ அரபியர் மதம் மாறக் கட்டாயப்படுத்தப்பட்டதாகப் பிற்காலச் சிரியாக் வரலாற்றேடுகள் கூறுகின்றன. இன்னொரு புறம், அரிஸ்டாட்டிலின் வாதநெறி நூலான ‘தோப்பிக்கா’வை அரபுக்குக் கொண்டுவரும் பணியை இதே கலீஃபா இதே மறைமுதுவரிடம் ஒப்படைத்தார். திமொத்தேயு அபூநூஹ் என்னும் கிறித்தவ அறிஞரின் துணையோடு சிரியாக் வழியாக அதனை மொழிபெயர்த்ததைத் தம் மடல் ஒன்றில் தாமே குறிப்பிடுகிறார். கேள்வி கேட்கும் முறையையும் விடைகூறும் முறையையும் வகுத்துரைக்கும் நூல் அது. பல சமயத்தார் வாழ்ந்த பேரரசில் வாதக்கலையின் தேவையே அந்நூலை வேண்டச் செய்தது என்று திமித்ரி குட்டாசு கருதுகிறார். வாதிடுவதற்கான கருவியை அரசு வேண்டிப் பெற்றது. அதைத் தந்தவர் வாதத்தின் எதிர்த்தரப்பினர். இம்முரணே உரையாடலின் சூழலைத் தெளிவாகக் காட்டுகிறது.

உரையாடலின் பதிவு

உரையாடல் 781–782ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. பேசப்பட்ட மொழி அரபு. ஆனால் திமொத்தேயு அதனைச் சிரியாக் மொழியில் ஒரு மடலாக எழுதினார். அவருடைய மடல் தொகுதியில் 59ஆம் எண் பெறுவது அது. பின்னர் அரபு வடிவங்களும் தோன்றின. 1928இல் அல்போன்சு மிங்கானா ஆங்கில மொழிபெயர்ப்போடு சிரியாக் பாடத்தை வெளியிட்டபின் இது உலகளாவிய கவனம் பெற்றது.

இப்பதிவு கிறித்தவத் தரப்பால் எழுதப்பட்டது. கலீஃபாவின் தரப்புப் பதிவு நம்மிடம் இல்லை. ஆகவே சொல்லுக்குச் சொல் நிகழ்ந்ததன் படியாக அதனைக் கொள்ளுதல் இயலாது. ஆனால் இக்குறையே ஒரு வகையில் ஆய்வுக்குத் துணையாகிறது. தன் சமயத்தார் படிப்பதற்கென எழுதும் ஒருவர் எதனைச் சேர்க்க விரும்பினார், எதனை மறைக்காது விட்டார் என்பதை இது காட்டிவிடும்.

வினாக்களின் போக்கு

முதல் நாள் வினா கூர்மையானது. இத்துணைக் கற்றவர், இறைவன் ஒரு பெண்ணை மணந்து மகனைப் பெற்றான் என்று எவ்வாறு கூறலாம் என்று கலீஃபா கேட்கிறார். அத்தகைய பழிச்சொல்லை எந்தக் கிறித்தவரும் சொல்லார் என்று மறைமுதுவர் மறுக்கிறார். இங்கு இருவரும் ஒரே கூற்றை மறுக்கின்றனர் என்பது நோக்கத்தக்கது. கிறித்தவர் ‘மகன்’ என்னும்போது இசுலாமியர் செவியில் விழும் பொருளைக் கிறித்தவரும் ஏற்கவில்லை. வேறுபாடு அதற்கு அடுத்த படியிலேயே தொடங்குகிறது. கதிரவனும் அதன் ஒளியும் வெம்மையும் ஒன்றாயிருத்தல் போல, அரசனும் அவன் சொல்லும் ஆவியும் பிரிவின்றி இருத்தல் போல என்னும் உவமைகளால் மூவொருமையைத் திமொத்தேயு விளக்குகிறார். எதிரில் இருப்பவர் அரசர் ஆதலின் அரசன் என்னும் உவமை பொருத்தமாக அமைகிறது.

அடுத்த வினா மறைநூல்கள் பற்றியது. தவ்ராத்தும் இன்ஜீலும் திரிக்கப்பட்டன, நபிகள் நாயகத்தின் வருகையை அறிவித்த பகுதிகள் நீக்கப்பட்டன என்னும் ‘தஹ்ரீஃப்’ கருத்தைக் கலீஃபா முன்வைக்கிறார். மறைமுதுவரின் விடை நூற்பாட ஆய்வாளர்க்குச் சுவையானது. யூதர்க்கும் கிறித்தவர்க்கும் இடையே பகை உள்ளது. ஆயினும் பழைய நூல்களை இருவரும் வேறுபாடின்றி வைத்திருக்கின்றனர். பகைவர் இருவர் கூடி ஒரே திரிபைச் செய்தல் எங்ஙனம் இயலும் என்பது அவர் வாதம். எசாயா நூல் காட்சியில் வரும் கழுதையேறியும் ஒட்டகமேறியும் இயேசுவையும் நபிகள் நாயகத்தையும் குறிக்கும் என்ற விளக்கத்தையும் அவர் ஏற்கவில்லை. அவை மேதியரையும் பாரசீகரையும் சார்ந்த அரசர்களைக் குறிப்பன என்கிறார்.

இன்ஜீலில் நபிகள் நாயகத்தைப் பற்றிய முன்னறிவிப்பு ஒன்றேனும் கண்டிருந்தால், தவ்ராத்திலிருந்து இன்ஜீலுக்கு வந்தது போலவே, இன்ஜீலை விட்டுக் குர்ஆனுக்குச் சென்றிருப்பேன் என்றும் அவர் கூறுகிறார். குர்ஆன் அற்புதங்களால் உறுதிப்படுத்தப்படவில்லை என்று கலீஃபாவின் முன்னிலையிலேயே சொல்கிறார். இவை அச்சத்தில் முகமன் மட்டும் பேசும் ஒருவரின் சொற்கள் ஆகா.

நபிகள் நாயகம் குறித்த விடை

இப்பின்னணியிலேயே அப்புகழ்பெற்ற விடையை அணுக வேண்டும். நபிகள் நாயகத்தைப் பற்றி நீர் என்ன சொல்கிறீர் என்ற வினா இரண்டாம் நாள் எழுகிறது. நேரான ‘ஆம்’ என்னும் விடை சொன்னவரின் சமயத்தை முடித்துவிடும். நேரான ‘இல்லை’ என்னும் விடை அவரையும் அவர் மக்களையும் இடருக்கு உள்ளாக்கும். திமொத்தேயு இரண்டையும் சொல்லவில்லை. நபிகள் நாயகம் எல்லாப் புகழுக்கும் உரியவர், இறைவாக்கினரின் வழியில் நடந்தவர் என்கிறார். அதற்கான காரணங்களையும் வரிசைப்படுத்துகிறார்: இறைவாக்கினர் இறைவன் ஒருவனே என்று கற்பித்தனர், அவரும் அவ்வாறே கற்பித்தார், அவர்கள் மக்களைத் தீமையிலிருந்து விலக்கினர், அவரும் விலக்கினார், சிலை வழிபாட்டிலிருந்து மக்களைப் பிரித்தார். கன்றுக்குட்டியை வழிபட்டோரை மோசே வாளால் தண்டித்ததும், ஆபிரகாம் தம் குலத்தாரின் சிலைகளைத் துறந்ததும் ஒப்புமையாக நிறுத்தப்படுகின்றன.

இவ்விடையில் மூன்று கூறுகள் கவனிக்கத்தக்கன. முதலாவது, அதன் சொல்லமைதி. ‘நபி’ என்று சொல்லாமல் ‘நபியரின் வழியில் நடந்தவர்’ என்று சொல்வதில் ஓர் இடைவெளி உள்ளது. செயலை ஏற்று, பதவியைப் பற்றி வாய்திறவாமல் இருப்பது அது. கலீஃபா இவ்விடைவெளியைக் கண்டுகொள்கிறார். அப்படியாயின் அவர் சொற்களை நீர் ஏற்க வேண்டுமே என்று உடனே தொடர்கிறார். இறைவன் ஒருவன் என்னும் நம்பிக்கையைத் தாம் தவ்ராத்திலிருந்தும் இறைவாக்கினரிடமிருந்தும் இன்ஜீலிலிருந்தும் முன்பே பெற்றதாக மறைமுதுவர் விடையளிக்கிறார். உடன்பாட்டின் எல்லை அங்கே தெளிவாக வரையப்படுகிறது.

இரண்டாவது, அதன் அரசியல். இறைவன் நபிகள் நாயகத்தைச் சிறப்பித்து, பாரசீகம், உரோமை என்னும் இரு பேரரசுகளையும் அவர் காலடியில் பணியச் செய்தான் என்று திமொத்தேயு கூறுகிறார். பாரசீகர் படைத்தவனை விட்டுப் படைப்புகளை வழிபட்டனர். உரோமையரோ துன்பமும் இறப்பும் அற்ற இறைவனுக்கு உடலில் துன்பத்தையும் இறப்பையும் ஏற்றிக் கூறினர். ஆதலால் வீழ்ந்தனர் என்பது அவர் விளக்கம். இங்கு ‘உரோமையர்’ எனப்படுவோர் கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியக் கிறித்தவர். இறைவன் துன்புற்றான் என்னும் வழக்கைக் கிழக்குத் திருச்சபை நெடுங்காலமாக மறுத்துவந்தது. ஆகவே இசுலாமிய வெற்றிக்குக் கூறப்படும் இவ்விளக்கம், கிறித்தவரிடையே நிலவிய பழைய பிணக்கின் தொடர்ச்சியுமாகும். உரையாடல் நிகழ்ந்த காலத்தில் கலீஃபாவின் மகன் ஹாரூன் பைசாந்தியத்தின்மீது படைநடத்திக் கொண்டிருந்தார். 782இல் அப்படை கான்ஸ்டாண்டிநோபிளின் எதிர்க்கரை வரை சென்றது. நாங்கள் உம் பகைவரின் சமயத்தார் அல்லேம் என்று கூற வேண்டிய தேவை அன்று மறைமுதுவர்க்கு மிகுதி. இறையியல் வேறுபாடு அரசப் பற்றின் சான்றாகவும் பயன்பட்டது.

மூன்றாவது, அதன் மொழி. கலீஃபாவின் செவிக்காக அரபில் சொல்லப்பட்ட புகழ்ச்சியைச் சிரியாக் மடலில் நீக்கிவிடத் திமொத்தேயுவுக்குத் தடையேதும் இருந்ததில்லை. பெறுநர் தம் சமயத்தவர். ஆயினும் அவர் நீக்கவில்லை. காரணங்களோடு விரித்தே எழுதினார். நாளை இதே வினாவை எதிர்கொள்ளப்போகும் பிற கிறித்தவர்க்கு ஒரு மாதிரி விடையாகவும் அது அமைந்தது எனக் கொள்ளலாம். முகமன் என்னும் விளக்கம் இவ்விடத்தில்தான் வலுவிழக்கிறது. சிலை வழிபாட்டை ஒழித்து ஓரிறை நம்பிக்கையைப் பரப்பியது நன்று என்பதை அவர் உண்மையாகவே கருதினார் எனக் கொள்வதே பொருந்தும்.

சில பத்தாண்டுகளுக்கு முன் வாழ்ந்த தமஸ்கு யோவானோடு ஒப்பிட்டால் இது விளங்கும். உமையா அரசின் நிதித்துறையில் பணியாற்றிய குடும்பத்தில் பிறந்த யோவான், கிரேக்க மொழியில் தம்மவர்க்கென எழுதிய தப்பறைகள் பற்றிய நூலில் இசுலாமை அவற்றுள் ஒன்றாகவே சேர்த்தார். அவ்வியலில் எதிர்த்தரப்பின் குரல் இல்லை. திமொத்தேயுவின் நூலிலோ கலீஃபா மீண்டும் மீண்டும் இடைமறிக்கிறார்; வலுவான வினாக்களை எழுப்புகிறார்; அறிவுடையவராகவே காட்டப்படுகிறார்.

முத்தின் உவமை

உரையாடலின் பிற்பகுதியில் மறைமுதுவர் ஓர் உவமை கூறுகிறார். இருண்ட வீட்டில் இரவில் ஒரு முத்து விழுகிறது. அங்குள்ளோர் அனைவரும் அதனைத் தேடுகின்றனர். ஒருவர் கையில் முத்து. மற்றவர் கைகளில் கண்ணாடியும் கல்லும். ஒவ்வொருவரும் முத்து தம்மிடமே உள்ளதென மகிழ்கின்றனர். வெளிச்சம் வரும்போதே உண்மை புலப்படும். அவ்வாறாயின் முத்தை உடையவர் யார் என்பது இவ்வுலகில் அறியப்படாது என்கிறார் கலீஃபா. நற்செயல்களாலும் அருஞ்செயல்களாலும் ஓரளவு அறியலாம் என்று மறைமுதுவர் திருத்துகிறார்.

இவ்வுவமையை எல்லாச் சமயமும் ஒன்றே என்பதன் விளக்கமாகக் கொள்ளுதல் பொருந்தாது. முத்து ஒன்றே, பிறர் கையில் இருப்பது முத்தன்று என்பதில் உவமை உறுதியாக உள்ளது. ஆனால் தீர்ப்பளிக்கும் வெளிச்சம் கலீஃபாவின் அவைக்கு உரியதன்று, மறைமுதுவரின் இருக்கைக்கும் உரியதன்று. அவ்வகையில் சமய உண்மையைத் தீர்மானிக்கும் உரிமை அரசின் கையிலிருந்து மென்மையாக விலக்கப்படுகிறது. ஆளப்படுவோர் ஒருவர் ஆள்வோரிடம் வேண்டக்கூடிய இடம் இதுவே. கலீஃபாவும் அதனை மறுக்கவில்லை என்றே மடல் காட்டுகிறது.

ஆக்ரா, 1854: தலைகீழான அவை

அதிகாரம் இடம் மாறினால் வாதம் எவ்வாறு மாறும் என்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த ஒரு வாதத்தை நோக்கலாம். 1854 ஏப்ரல் 10, 11 நாள்களில் ஆக்ராவில் செருமானிய மறைப்பணியாளர் கார்ல் பாண்டரும் மௌலானா ரஹ்மத்துல்லா கைரானவியும் வாதிட்டனர். ‘மீசானுல் ஹக்’ என்னும் பாண்டரின் நூல் பாரசீகத்திலும் உருதுவிலும் பரவி இசுலாமிய அறிஞரிடையே சினத்தை எழுப்பியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சமயத்தில் நடுநிலை என்று கூறிக்கொண்டாலும், அதன் அலுவலர் பலர் மறைப்பணிக்கு ஆதரவாக இருந்தனர். இம்முறை அரசின் சமயத்தைச் சார்ந்தவர் கிறித்தவர்; ஆளப்பட்டவர் இசுலாமியர்.

நஸ்க் எனப்படும் மறைநூல் நீக்கம், தஹ்ரீஃப், மூவொருமை, நபித்துவம், குர்ஆன் ஆகியன பேசுபொருள்களாக வகுக்கப்பட்டன. முதல் இரண்டே பேசப்பட்டன. பாக்தாதில் எழுந்த தஹ்ரீஃப் வினாவே இங்கும் மையமாயிற்று. ஆனால் விடையின் களம் மாறிவிட்டது. மருத்துவர் வசீர்கான் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்திருந்த விவிலிய ஆய்வு நூல்களின் துணையால், கிறித்தவ அறிஞர்களே சுட்டிய பாடவேறுபாடுகளை ரஹ்மத்துல்லா எடுத்துக்காட்டினார். படியெடுத்தோரின் பிழைகள் உண்டு என்று பாண்டர் ஒப்ப நேர்ந்தது. அவை கொள்கையைத் தொடுவன அல்ல என்பது அவர் நிலை. மூன்றாம் நாள் வாதம் தொடரவில்லை. இரு தரப்பாரும் தத்தம் பதிவுகளை அச்சிட்டு வெளியிட்டனர்.

1857 எழுச்சிக்குப் பின் ரஹ்மத்துல்லா நாட்டைவிட்டு மக்கா செல்ல நேர்ந்தது. பின்னர் அவர் அரபில் எழுதிய ‘இள்ஹாருல் ஹக்’ 1864இல் வெளிவந்து இசுலாமிய உலகெங்கும் பரவியது. பாக்தாதில் விடை கூறியவர் தம் இருக்கைக்குத் திரும்பி மேலும் நாற்பது ஆண்டுகள் தம் திருச்சபையை நடத்தினார். ஆக்ராவில் வினா எழுப்பியவர் தம் மண்ணை இழந்தார். வாதத்தின் விளைவை வாதத்துக்கு வெளியே இருந்த அரசு எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது. எந்தச் சமயத்தார் ஆண்டாலும் பிற சமயத்தார்க்கு நிலை இனிது என்று பொதுமைப்படுத்த இவ்விரண்டு நிகழ்வுகளும் இடந்தரவில்லை. அல்மஹ்தியின் காலத்துத் தனூகு குலத்தார் திமொத்தேயு பெற்ற வாய்ப்பைப் பெறவில்லை என்பதும் இங்கு மறக்கத்தக்கதன்று.

தமிழில் எழும் சொற்சிக்கல்

இவ்வுரையாடலைத் தமிழில் பெயர்ப்போர்க்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு. சிரியாக்கின் ‘நபியா’வும் அரபின் ‘நபி’யும் ஒரே வேரின. ஆகவே ‘நபியரின் வழி’ என்ற தொடரில் மறைமுதுவரும் கலீஃபாவும் ஒரே சொல்லில் நின்று வேறு பொருள் கொண்டனர். தமிழில் அப்பொதுச்சொல் இல்லை. இசுலாமியத் தமிழில் ‘நபி’ நிலைபெற்றது. சீர்திருத்தச் சபையாரின் விவிலியத் தமிழில் ‘தீர்க்கதரிசி’ வழங்குகிறது. இன்றைய கத்தோலிக்க வழக்கில் ‘இறைவாக்கினர்’ வழங்குகிறது. ‘நபிமார் வழி நடந்தவர்’ என்று பெயர்த்தால் நம்பிக்கை அறிக்கையின் ஒலி ஏறும். ‘தீர்க்கதரிசிகள் வழி’ என்று பெயர்த்தால் வருவதுரைத்தல் என்னும் பொருள் முந்தும். கலீஃபாவின் மறுவினா வலுவிழக்கும். மூலத்தின் உயிர்நாடியான இருபொருண்மை, மொழிபெயர்ப்பாளர் எச்சொல்லைத் தேர்ந்தாலும் குறைகிறது. ‘நபி’ என்றே ஆண்டு, இருதரப்பு வழக்கையும் அடிக்குறிப்பில் விளக்குதலே ஓரளவு பொருந்தும்.

திமொத்தேயுவின் திருச்சபைக்கும் நம் பகுதிக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. அவர் மறைந்து 26 ஆண்டுகளுக்குப் பின், 849இல் அளிக்கப்பட்ட கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு, அத்திருச்சபை மரபைச் சார்ந்த கிறித்தவர்க்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் அளித்த உரிமைகளை வட்டெழுத்தில் கூறுகிறது. சான்றொப்பங்கள் அரபிலும் பகலவியிலும் யூதப் பாரசீகத்திலும் உள்ளன. பாக்தாதில் வாதிட்ட சமயத்தார் கொல்லத்தில் ஒரே ஆவணத்தில் சான்றாளராக நிற்கின்றனர். அங்கு அரசு எச்சமயத்தாரின் உண்மையையும் வினவவில்லை. வணிக உரிமையையும் காவலையும் மட்டுமே வரையறுத்தது. சமயத்தார் கூடும் களம் அவையா சந்தையா என்பதைப் பொறுத்து அரசின் வினாவும் மாறுகிறது.

முடிவுரை

திமொத்தேயுவின் விடை உடன்பாடும் அன்று, வெறும் முகமனும் அன்று. ஏற்கத்தக்கதை ஏற்று, ஏற்க இயலாததன் முன் நின்றுவிடும் அளவறிந்த கூற்று அது. அதன் சொற்களில் இறையியல் உண்டு. பைசாந்தியப் போரின் நிழல் உண்டு. தம் மக்களின் பாதுகாப்பு பற்றிய கவலையும் உண்டு. இம்மூன்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் விளக்கம் மற்ற இரண்டையும் இழக்கிறது.

சமய உரையாடல் நூல்களை ஆய்வோர் என்ன கூறப்பட்டது என்பதோடு, யார் ஆட்சியில், எம்மொழியில், எவர் படிப்பதற்கெனப் பதிவாயிற்று என்பவற்றையும் வினவுதல் வேண்டும். பழைய உரையாடல்களின் ஒற்றை வரிகள் இன்றைய அரசியல் மேடைகளில் சான்றுகளாக எழுப்பப்படும் சூழலில் இம்முறை மேலும் இன்றியமையாதது. கொல்லத்துச் செப்பேட்டையும் பாக்தாதின் மடலையும் அருகருகே வைத்து, ஒன்பதாம் நூற்றாண்டு இந்தியப் பெருங்கடற்பகுதியின் சமய உறவுகளை ஆராய்வது தமிழாய்வுக்கு உரிய அடுத்த பணியாக அமையலாம்.